பங்கு கேட்டு வந்த பாயும் என் பொல்லாத காதும்

என் காதைப் பற்றி எனக்கு அந்தக் காலத்தில் பெரிய கர்வம் இருந்தது. செஞ்சியில் போன் வைத்திருந்த அத்தனை பேரின் குரலும் எனக்கு அத்துப்படி. ஒரே ஒரு "ஹலோ" போதும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டிக்காரரா, ஜவுளிக்கடைக்காரரா, ஜவுளிக்கடைக்காரரின் கோபக்கார மச்சானா என்று சொல்லிவிடுவேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டுக்கு முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினோரு வருடம் உட்கார்ந்தவளுக்கு அது பெரிய வித்தை இல்லை. ஆனாலும் கர்வம்தான். அந்தக் காதுதான் என்னை ஒரு நாள் முட்டாளாக்கியது.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். டயல் சுற்றினால் மெட்ராஸ் கிடைக்கும் வசதி எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். நான் திண்டிவனத்தைக் கூப்பிட்டு, அவர்கள் மெட்ராஸைக் கூப்பிட்டு, மெட்ராஸ்காரி அந்த நம்பரைக் கூப்பிட்டு, ஆள் வந்த பிறகு இந்தப் பக்கம் போர்டில் இணைப்புக் கயிற்றைச் செருகி "பேசுங்க சார்" என்று சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் நுழைந்து "எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" என்று கேட்க வேண்டும். போர்டில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு சின்ன கீ உண்டு. முன்னால் தள்ளினால் லைனில் பேசுவது நம் காதில் விழும். திருப்பிவிட்டால் விழாது. இணைப்பு கிடைத்ததா என்று ஒரு நொடி கேட்டுவிட்டுத் திருப்பிவிட வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நொடி எத்தனை நொடி என்பது அவரவர் மனசாட்சிக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் புரட்டாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

பாய் என்றால் வயதானவர் இல்லை. என்னைவிட நான்கு வயது சின்னவர். பஜாரில் அவர் அப்பாவுக்கு இரும்புக்கடை. இவர் இஞ்சினியரிங் படித்துவிட்டு மெட்ராஸில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக் கம்பெனி ஆரம்பித்திருந்தார். கம்ப்யூட்டரை விற்கிற கம்பெனி இல்லை. கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் ஒயர் போடுகிற கம்பெனி. நெட்வொர்க் என்பார். அவரிடம் வேலைக்கு இருந்தது மொத்தம் இரண்டே பேர். ஒருவன் அவலூர்பேட்டைக்காரன். இன்னொருவன் என் தம்பி.

தம்பி பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒன்றரை வருடம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பர் படித்துக் கொண்டிருந்தவன். யாரும் கூப்பிடவில்லை. பாய்தான் கூப்பிட்டார். அதனால் பாய் மேல் எனக்கு மரியாதை இருந்தது. அவர் வாசலில் நின்று "அக்கா, இருக்கீங்களா?" என்றதும் என் வீட்டுக்காரரை எழுப்பி, சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பது அவருக்கு அபூர்வம். வந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

பாய் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, கம்பெனி தள்ளாடுது. கை கொடுக்க ஆள் தேடிட்டு இருக்கேன். உங்களால முடியுமா?" என்றார்.

"கடனா பாய்?"

"இல்லக்கா. நான் வட்டிக்கு வாங்கறதில்ல. உங்களுக்குத் தெரியும் இல்ல, எங்க வீட்ல அது கூடாது. அதனால பேங்க்குப் பக்கமும் போவல. பங்குதான் கேக்கறேன். லாபம் வந்தா உங்களுக்கும் வரும். நட்டம் வந்தாலும் உங்களுக்கும் வரும். ரெண்டையும் சொல்லிடறேன்."

நட்டம் வரும் என்று சொல்லிப் பணம் கேட்டவரை நான் அதுவரை பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் கொட்டாவியை நிறுத்தினார்.

எங்களிடம் பத்தாயிரம் இருந்தது. அது நிலத்துக்கான பணம். திருவண்ணாமலை ரோட்டில், கோட்டைச் சுவரைத் தாண்டிப் போனால் வலது கைப்பக்கம், பாறை தலை நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு மனை. ஆறு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. வாடகை வீட்டில், வீட்டுச் சொந்தக்காரி தண்ணீர்க் குழாயைப் பூட்டுகிற வீட்டில், கிடந்து சேர்த்தது. அந்த மனையில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. வேறு யாரோ கட்டியது.

"மொதல்ல நீங்க பண்றது இன்னான்னு எனக்குப் புரியணும். நான் படிக்காதவ இல்ல. ஆனா கம்ப்யூட்டர நான் கிட்ட போய்ப் பார்த்ததில்ல" என்றேன்.

"உங்களுக்கா புரியாது?" என்று சிரித்தார். "உங்க போர்டு மாதிரிதான் அக்கா. ஒரு ஆபீஸ்ல எட்டு கம்ப்யூட்டர் இருக்குதுன்னு வைங்க. இப்ப ஒண்ணுத்துல இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியாது. நாங்க ஒயர் போட்டா எட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசும். ஒரே வித்தியாசம், நடுவுல நீங்க இருக்க மாட்டீங்க."

"அடேங்கப்பா! அப்ப என் வேலைக்கு உலை வெக்கற கம்பெனிக்கு நானே காசு குடுக்கணுமா?"

அவர் முகம் சுருங்கிப் போனது. நான் கிண்டல்தான் செய்தேன். ஆனால் கிண்டல் என்று தெரியாத மாதிரிக் கிண்டல் செய்வது என் வழக்கம், அதற்காகப் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் எழுந்து பின்கட்டுக்கு வந்தார். அங்கே கொடியில் துணி காய்ந்து கொண்டிருந்தது. "இதப் பாருங்க. இந்தக் கொடி இருக்குது இல்ல, இதுதான் ஒயர். ஒரே ஒயர், நீளமா. துணி மாட்டற மாதிரி வரிசையா கம்ப்யூட்டர மாட்டிக்கிட்டே போவோம். ரெண்டு முனையும் நல்லா கட்டியிருக்கணும். ஒரு முனை அவுந்தாலும் அவ்ளோதான், மொத்தத் துணியும் மண்ணுல."

புரிந்தது. துணியையும் கொடியையும் வைத்துச் சொன்னால் எனக்கு ஏன் புரியாது?

அதற்குப் பிறகு நான் கேட்ட கேள்விகளுக்கு மனிதர் மழுப்பாமல் பதில் சொன்னார். ஏன் தள்ளாடுகிறது என்று கேட்டேன். "போற இடத்துல எல்லாம், 'எதுக்குய்யா ஒயரு? பிளாப்பித் தட்டுல போட்டு பியூன் கையில குடுத்தா பக்கத்து டேபிளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கப் போறான்'ங்கறாங்க. பியூன் எங்களவிட சல்லிசு" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒரே ஒரு ஆபீஸ் சரி என்றிருக்கிறது. எட்டு கம்ப்யூட்டர். அந்த வேலை இப்போது நடந்து கொண்டிருக்கிறது. அது சரியாக ஓடினால் அதைக் காட்டி நாலு இடத்தில் கேட்கலாம். ஓடாவிட்டால் கம்பெனி பொங்கலைத் தாண்டாது.

"தாண்டலன்னா ரெண்டு பசங்க?" என்றேன். இதுதான் என் கேள்வி. மற்றதெல்லாம் சும்மா.

"அவங்களுக்கு ஒரு வழி பண்ணாம நான் கதவ மூட மாட்டேன்."

புதன்கிழமை சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். அவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் அந்த வாரம் முழுவதும் ஊரில்தான் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாளும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. சோறு வடிக்கும்போது ஒயர், கயிறு செருகும்போது மனை. திங்கட்கிழமை டூட்டி முடிந்து நேராக மனைக்குப் போய் நின்றேன். ராஜகிரிக் கோட்டை மலை மேல் வெயில் சாய்ந்து, பாறைச் சூடு காலில் ஏறியது. இங்கே சமையலறை, இங்கே குழாய், பூட்டில்லாத குழாய் என்று மனசுக்குள் கட்டிப் பார்த்தேன். பிறகு தம்பியை நினைத்தேன். அவன் டீக்கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் எனக்கு எதிரே வந்தால் தலையைக் குனிந்து கொள்வான். வேலைக்குப் போன பிறகு முதல் தடவை ஊருக்கு வந்தபோது பஸ்ஸை விட்டு இறங்கி எதிரே வந்தவர்களையெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு வந்தான். அந்த நடையை நான் பார்த்தேன். மனையா, அந்த நடையா?

வீட்டுக்காரரைக் கேட்டேன். "பாத்துக்கலாம்" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான். பஸ் பள்ளத்தில் இறங்கினாலும் பாத்துக்கலாம் என்பார். "ஏங்க, இது நம்ம பணங்க. வாயத் தொறந்து ஒண்ணு சொல்லுங்க" என்று சண்டைக்குப் போனேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உன் தம்பிய ஆளாக்கின மனுசன். நட்டமானா மறுபடி சீட்டுக் கட்டலாம்" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை. சரி, போட்டுவிடலாம் என்று செவ்வாய்க்கிழமையே முடிவு செய்துவிட்டேன்.

புதன்கிழமை பகல் டூட்டி. பதினோரு மணி இருக்கும், போர்டில் இரும்புக்கடை விளக்கு எரிந்தது. பாய்தான். "அக்கா, மெட்ராஸ் ஒண்ணு அர்ஜெண்ட்ல போடுங்க" என்று ஒரு நம்பரைச் சொன்னார். அது அவர் ஆபீஸ் நம்பர் இல்லை. குரலில் பதற்றம். போட்டேன். அரைமணி நேரத்தில் கிடைத்தது. மெட்ராஸ்காரி "பார்ட்டி ஆன் லைன்" என்றாள். நான் கயிற்றைச் செருகி, "பேசுங்க பாய்" என்றேன்.

கீயைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை. சாயங்காலம் பணம் கொடுக்கப் போகிறவளுக்கு, அந்த ஆள் என்ன பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, இருந்தது.

அந்தப் பக்கம் ஒரே கொரகொரப்பு. யாரோ ஒருவன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அதனால் பாய் கத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் டெர்மினேட் பண்ணு! ரெண்டையும்யா! ஒண்ண மட்டும் பண்ணிட்டு ஒண்ண உட்டா எப்டி? மொத்தமும் படுத்துடும்னு அப்பவே சொன்னேன் இல்ல? யோசிக்காத. இப்பவே முடி!"

கீயைத் திருப்பினேன்.

டெர்மினேட் என்ற வார்த்தை உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது வெறும் வார்த்தை இல்லை. எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு வருவதற்கு முன் வேறொரு இடத்தில் தற்காலிக வேலை பார்த்தேன். எட்டு மாதம் ஆனபோது ஒரு நாள் காலையில் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். எனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. டெர்மினேட் என்ற வார்த்தை புரியாமல், சம்பளம் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்களோ என்று நினைத்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே காட்டினேன். அவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுக்குப் போம்மா" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான், வேலை போச்சு.

ரெண்டையும். இருப்பதே இரண்டு பேர். ஒருவனை விட்டாலும் கம்பெனி படுத்துவிடுமாம். கணக்குத் தீர்க்க வெளி ஆள் யாரிடமோ சொல்லி, சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். சாயங்காலம் என் பணத்தையும் வாங்கிக்கொள்வார், காலையிலேயே என் தம்பியையும் தூக்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு பேசிய பேச்சென்ன, இதென்ன! எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த பனமலைக்காரி, என்னைவிடச் சின்னவள், "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள். "உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

சாயங்காலம் பாய் வந்தார். முகம் காலையில் கேட்ட குரலுக்குச் சம்பந்தமில்லாமல் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. காரியத்தை முடித்துவிட்டு வந்திருக்கிறார் பார் என்று நினைத்தேன். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. வாசற்படியிலேயே வழியை மறித்த மாதிரி நின்றேன்.

"பணம் இல்ல பாய்" என்றேன்.

"சரிக்கா" என்றார். "உங்களால முடிஞ்சா தருவீங்கன்னு எனக்குத் தெரியும்."

ஏன் இல்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வெடித்திருப்பேன். ஒட்டுக் கேட்டேன் என்று என் வாயாலேயே சொல்லி, வேலையைத் தொலைத்திருப்பேன். அவர் இறங்கிப் போனவர், தெருவில் நின்று திரும்பிப் பார்த்து, "தம்பியப் பத்திக் கவலப்படாதீங்க. நான் இருக்கற வரைக்கும் அவன் இருப்பான்" என்றார்.

இப்படியும் ஒரு மனிதன் பொய் சொல்வானா? பட்டென்று கதவைச் சாத்தினேன். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் சாத்தினேன், அவர் காதில் விழட்டும் என்றே சாத்தினேன்.

வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லாமல், மனசு மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார்.

பிறகு காத்திருந்தேன். தம்பி பெட்டியோடு வந்து இறங்குவான் என்று தினமும் சாயங்கால பஸ்ஸுக்குக் காது கொடுத்தேன். வரவில்லை. தீபாவளிக்கு முதல் நாள்தான் வந்தான். கையில் பெட்டி இல்லை, ஒரு ஸ்வீட் பாக்கெட்டும் தோள் பையும் மட்டும். வந்ததும் வராததுமாக, "உன்ன எப்ப எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"எங்கேர்ந்து எடுத்தாங்க?"

"வேலைலேர்ந்துடா! எங்கிட்ட மறைக்காத."

"இன்னாக்கா ஒளர்ற? இந்தா, ஸ்வீட்டு பாய்தான் குடுத்தாரு. எங்க ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணு."

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கேட்டதைச் சொன்னேன். தம்பியிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? ரெண்டையும் டெர்மினேட் பண்ணு, இல்லாவிட்டால் மொத்தமும் படுத்துவிடும், இப்பவே முடி. வரி பிசகாமல் சொன்னேன்.

அவன் முதலில் முழித்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர, தரையைத் தட்டிச் சிரித்தான். தோள் பைக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு சின்ன சாமானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். வெள்ளை உலோகம். விரல் நுனி அளவு மூடி. ஒரு பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் திருகி மாட்டுகிற துளை.

"இதுதாங்க்கா. இதுக்குப் பேரு டெர்மினேட்டர். ஒயரோட ரெண்டு முனையிலயும் இத மாட்டணும். அதத்தான் டெர்மினேட் பண்றதும்பாங்க. ஒரு முனையில மாட்டலன்னாலும் ஒரு கம்ப்யூட்டரும் பேசாது. மொத்தமும் படுத்துடும். அன்னிக்கு நாங்க ஒரு பக்கம் மறந்துட்டோம். எட்டும் படுத்துக்கிச்சு. அந்த ஆபீசரு கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளாத குறை. பாய்க்குத் தந்தி அடிச்சோம், அவரு போன்ல சொன்னப்புறந்தான் மாட்டினோம். மாட்டினதும் எட்டும் பேசிச்சுக்கா! மொத மொதல்ல அன்னிக்குத்தான் பேசிச்சு."

கொடி. ரெண்டு முனையும் நல்லா கட்டியிருக்கணும். என் வீட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் சொன்னதுதான். இங்கிலீஷில் சொன்னதும் எனக்கு வேறாகிவிட்டது.

"அந்தப் பக்கம் போன்ல இருந்தது யாரு?" என்றேன்.

"நாந்தான்."

கூடப் பிறந்தவன் குரல். ஊரில் இருப்பவன் குரலையெல்லாம் ஒரு ஹலோவில் கண்டுபிடித்த காது, அதைக் கொரகொரப்பு என்று நினைத்தது.

தம்பி சிரித்து முடித்துவிட்டுச் சொன்ன சேதிதான் என்னைக் கொன்றது. எட்டும் ஓடுகிறது. ஆனால் அந்த ஆபீஸில் பில் இன்னும் மேஜை மேஜையாக நகர்ந்து கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு முன் இவர்கள் இருவருக்கும் சம்பளம் கொடுப்பதற்காகப் பாய் தன் ஸ்கூட்டரை விற்றுவிட்டார். இப்போது டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார். அவர் தனக்கென்று சம்பளம் எடுத்து நான்கு மாதம் ஆகிறதாம். ஸ்வீட் பாக்கெட் எங்கள் வீட்டு மேஜை மேல் இருந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

தீபாவளி முடிந்த மறுநாள் எனக்கு லீவு. புடவை மாற்றிக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். பப்ளிக் பக்கம் போய், கவுண்டருக்கு வெளியே நின்று, காசைக் கொடுத்து, மெட்ராஸுக்கு ஒரு கால் புக் செய்தேன். போர்டில் பனமலைக்காரி இருந்தாள். "இன்னாக்கா, உள்ள வந்து பேசேன்" என்றாள். "இல்ல. நான் பார்ட்டி" என்றேன். மரக்கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அத்தனை வருட சர்வீஸில் அந்தக் கூண்டுக்குள் நான் நின்றது அதுதான் முதல் தடவை. உள்ளே ஒரே புழுக்கம். ஜனங்கள் இதற்குள்தான் சாவுச் சேதியும் கல்யாணச் சேதியும் கேட்டிருக்கிறார்கள்.

பாய் ஆபீஸ் நம்பர் என்று கொடுத்திருந்தது கீழே இருந்த ஜெராக்ஸ் கடை நம்பர்தான். அங்கே அவரைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். மூச்சிரைக்கப் படியிறங்கி வந்திருக்க வேண்டும். "அக்கா? இன்னாக்கா, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றார். டிரங்க் கால் என்றாலே பயம்தானே.

"எல்லாரும் நல்லா இருக்காங்க. நான்தான் நல்லா இல்ல. நான் ஒண்ணு சொல்லணும் பாய். நடுவுல பேசாதீங்க, பேசினா நான் சொல்லாம வெச்சிடுவேன்."

சொன்னேன். கீயைத் திருப்பாமல் கேட்டதை, கேட்டதை நான் புரிந்துகொண்ட லட்சணத்தை, அதனால்தான் இல்லை என்றதை, தண்ணீர் கொடுக்காததை, கதவைச் சாத்தியதைச் சொன்னேன். "நான் பண்ணினது தப்பு. நீங்க மேல ஒரு லெட்டர் போட்டா என் வேல போயிடும். போட்டாலும் நான் உங்களத் திட்ட மாட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அழுகை வந்தால் குரல் அதட்டுகிற மாதிரி ஆகிவிடும். அதட்டிக்கொண்டேதான் மன்னிப்புக் கேட்டேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேங்க்கா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அப்ப உங்களையும் டெர்மினேட் பண்ணிடுவாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். பாவி மனுஷன்.

"பணம் பேங்க்லயேதான் இருக்குது பாய். நாளைக்கே எடுத்துத் தரேன்" என்றேன்.

"வேணாங்க்கா."

"ஏன்?"

"நீங்க இப்ப மனசு வருத்தத்துல தர்றீங்க. வருத்தத்துல குடுத்தா அது பங்கு இல்லக்கா, அபராதம். உங்ககிட்ட நான் அபராதம் வாங்கினா நல்லா இருக்குமா?"

கூண்டுச் சுவரில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்த நம்பர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது லைனில் பனமலைக்காரி நுழைந்தாள். "மூணு நிமிஷம் ஆயிடுச்சு. எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். மொத்தத்தையும் கேட்டிருக்கிறாள், திருட்டுக் கழுதை.

"பண்ணு" என்றேன். "பாய், சரி. வருத்தத்த எடுத்து ஒரு ஓரமா வெச்சிட்டேன். இப்ப நான் பங்கு வாங்க வந்த ஆளு. கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. எட்டும் ஓடுதே, அதப் பார்த்துட்டு வேற யாராவது கேட்டாங்களா?"

"ஒரு ஆபீஸ்லேர்ந்து வந்து பார்த்துட்டுப் போனாங்க."

"வேல குடுப்பாங்களா?"

"தெரியலக்கா."

"போன வேலைக்குப் பில்லு எப்ப வரும்?"

"தெரியலக்கா."

"நான் போட்டா என் பணம் திரும்பி வருமா?"

"தெரியலக்கா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் குணம் அப்படி, மன்னிப்புக் கேட்ட ஈரம் காய்வதற்குள் வந்துவிட்டது. "பின்ன இன்னாதான்யா தெரியும் உங்களுக்கு?"

"எட்டும் பேசுதுக்கா. அது தெரியும். அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் ஒரு நாள் கூடப் படுக்கல. மத்தது எதுவும் எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்லி உங்ககிட்ட வாங்க எனக்கு மனசு வரல. நல்லா யோசிச்சு சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். அவசரமில்லையாம். டவுன் பஸ்ஸில் தொங்குகிறவருக்கு அவசரமில்லையாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். நான் வைக்கவில்லை. ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கயிறு இன்னும் உருவப்படவில்லை என்று எனக்குத் தெரிந்தது. லைனில் ஒருவர் மூச்சு விட்டால் தெரியாதா எனக்கு?

"அக்கா" என்றாள் பனமலைக்காரி.

நான் வேண்டுமென்றே தொண்டையைச் செருமினேன்.

"திட்டாதக்கா. எத்தினி பேரு பேசறதக் கேட்டிருக்கோம் நம்ம. 'கண்டிப்பா தரேன், சத்தியமா தரேன்'னு எத்தினி பேரு. தெரியலன்னு மூணு வாட்டி சொன்ன ஆள நான் இப்பத்தான் கேக்கறேன். போடுக்கா."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்து, கவுண்டரில் எக்ஸ்டெண்ட் செய்த மூன்று நிமிடத்துக்கும் காசைக் கட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ரசீது போட்டாள். மணி பதினொன்றரை. பேங்க் ஒன்றரை வரை இருக்கும். பாஸ் புக்கை ஏற்கெனவே பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வீட்டுக்குக் கூடப் போகாமல், அப்படியே பேங்க்குக்கு நடந்தேன்.